கொமிசேருக்கு வல்லாரை

கள்ளில் ஊறிய நொய்யைச் சேவலின் முன்னால் வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து அதன் கண்ணையே பார்க்கிறார் சக்கரபாணி. இமை சொக்கியதும், "கொமிசேருக்கு எல்லாம் மறந்து போச்சு" என்று அறிவிக்கிறார். பிறகு அலகைப் பிரித்து, பாலாடையால் வல்லாரைச் சாறு புகட்டுகிறார். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியும் இந்தச் சேவலுக்கு மட்டும் 'கொமிசேர்' என்ற போலீஸ் அதிகாரிப் பட்டம் போகவில்லை.

ஒரு பிரெஞ்சுக்காரரின் மருந்துக்கடையில் சீசா கழுவியே தலை நரைத்தவர் அவர். அங்கே கற்ற சட்டம் ஒன்றுதான்: "மருந்த மனுஷன் தொடறதுக்கு முன்னாடி மிருகம் தொடணும். முசியே சொல்லுவாரு."

"சேவல் மிருகமா?" என்று கேட்டாள் மனைவி தனக்கொடி.

"மனுஷன் இல்லதானே?"

சோதனைக்கு ஜோடியாக வைத்த பழுப்புக் கோழிக்கும் கள் உண்டு, சாறு கிடையாது. இரண்டையும் கூடையில் போட்டு மூடிக் கொண்டுபோய்ப் பனந்தோப்பில் விட்டுவிட்டு, ரெட்டியார்பாளையம் டீக்கடையில் விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்திருப்பார். சாறு குடித்தது வீடு திரும்ப வேண்டும். குடிக்காதது வழி தெரியாமல் முழிக்க வேண்டும். "அப்பதான் நான் குடிப்பேன்" என்பது அவர் பிடிவாதம்.

அவர் குடித்தே ஆக வேண்டும் என்பது தனக்கொடியின் கவலை. போன ஐப்பசியில் வெற்றிலை வாங்கப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் விழுப்புரம் சாலையில் நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு மொய்னுதீன்தான் சைக்கிளில் கூட்டி வந்தார். "காத்து வாங்கினேன்" என்று சிரித்தார் சக்கரபாணி. அவள் அடுப்படியில் போய் அழுதாள். அன்று முதல் தினமும் சாறு வைக்கிறாள், அவர் தொடுவதில்லை.

சோதனையோ தலைகீழ். பழுப்புக் கோழி போதையிலும் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறது. மருந்து குடித்த கொமிசேர் பனைமரத்தடியில் படுத்துத் தூங்குகிறார். அதனால் தனக்கொடிக்கு இப்போது தனி உத்தியோகம். கோழி வந்ததும் பிடித்து மதிலுக்கு மேலாக மொய்னுதீன் மனைவி ரமீஜாவிடம் கொடுப்பாள். பிறகு பின்சந்து வழியாக ஓடி, கொமிசேரை முந்தானைக்குள் மறைத்து வந்து கூண்டில் போடுவாள். மறுநாள் விடிந்ததும் கோழியைத் திரும்ப வாங்கி, தோப்பில் தேடிப் பிடித்ததாகச் சொல்லி அவரிடம் கொடுப்பாள்.

"அக்கா, உங்க கோழி எங்க வூட்டுலயே முட்டையும் போட்டுடுச்சு."

"முட்டைய நீயே வச்சுக்க. சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாது."

கொமிசேர் நாள் தவறாமல் வீடு திரும்பியும் சக்கரபாணிக்குத் திருப்தியில்லை. "இன்னொரு தபா பாத்துடுவோம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அவளுக்கு முழங்கால் விட்டுப்போயிற்று.

நேற்று அவர் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார். தனக்கொடி அப்போதுதான் கூண்டை மூடிவிட்டு, மூச்சு வாங்க நின்றிருந்தாள். உள்ளே கொமிசேர் குறட்டை விடாத குறை. அந்த நேரம் பார்த்து ரமீஜா வீட்டில் பழுப்புக் கோழி ஊரைக் கூட்டிக் கொக்கரித்தது. 

சக்கரபாணி மதிலைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், அவள் காலில் ஒட்டியிருந்த தோப்புச் சேற்றைப் பார்த்தார். கிட்டே வந்து, அவள் தலைமுடியில் சிக்கியிருந்த கொமிசேரின் சிவப்பு இறகை மெல்ல எடுத்தார்.

"மருந்து வேலை செய்யுது. கொண்டா" என்றார்.

டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். கசப்பில் முகம் கோணிற்று. இறகைத் தன் காதில் செருகிக்கொண்டு, கடைசிச் சொட்டும் நாக்கில் விழும்வரை டம்ளரைக் கவிழ்த்தே பிடித்திருந்தார்.