புகைக்குள் என் குரல்

“...அதனாலதான் சொல்றேன் மச்சான், இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கினு ஆடு. வந்துகீற கோச்சுக்கு லொடலொடன்னு பேசறவனக் கண்டாலே பேஜாராம்” என்றான் எங்கள் கோல்கீப்பர், கையுறைப் பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டே.

சில வருடங்களுக்கு முன், ஒரு போகிக் காலை. தாம்பரத்தில் ஒரு மைதானம். கால்பந்து கிளப் ஒன்று நடுக்களத்துக்கு ஒரே ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை. தேர்வு ஆட்டம் வைக்க வந்த பயிற்சியாளர் கோயம்புத்தூர்க்காரர். போகியன்று விடியலில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தெருத்தெருவாகப் பழைய பாயும் தலையணையும் எரிய, அந்தப் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து இறங்கியிருந்தன. கோல் கம்பமே தெரியவில்லை. காலை ரயிலில் அவர் திரும்ப வேண்டும், தள்ளிவைக்க வழியில்லை.

எனக்கோ பேசாமல் ஆடிப் பழக்கம் கிடையாது. “நீ பொறந்தப்பவே அழல, பேசுன” என்பார் அம்மா. நடுக்களத்தில் ஆடுகிறவனைச் சுற்றி நாலு பக்கமும் ஆள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருக்கும். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

பந்து வெள்ளையில் கரைந்து கரைந்து போனது. எங்கள் ஆட்களே ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். எங்கோ பிள்ளைகள் தட்டிய போகி மேளம் தூக்கத்தில் கேட்பதுபோல் கேட்டது. பந்து எங்கள் கோல் பக்கம் போனதும் என்னால் அடக்க முடியவில்லை.

“தூக்கி அடிக்காத. உருட்டிவுடு, நான் இங்க கீறேன்.”

வெள்ளைக்குள்ளிருந்து பந்து மெல்ல உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

அப்புறம் வாய் மூடவில்லை. “முதுகுல ஆளு”, “திரும்பு, காலியாகீது” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரையும் கண்ணால் பார்க்கவில்லை. அவரவர் இருமலை வைத்தே யார் எங்கே என்று தெரிந்தது. சொன்ன இடத்துக்கெல்லாம் ஒரு நிழல் ஓடி வந்தது. நான் மைதானத்தில் இல்லை, ஒரு மேகத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்தபோது குரல் சுத்தமாகப் போய்விட்டது. பயிற்சியாளர் எங்களை வரிசையாக நிறுத்தினார். முகத்தில் சிரிப்பில்லை.

“நடுவுல பேசிட்டே இருந்தது யாருங்க?”

திட்டத்தான் கேட்கிறார் என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

அவர் கேட்டது திட்டவா பாராட்டவா என்று எங்கள் கோல்கீப்பருக்கும் அப்போது தெரியாதாம். “உன் சவுண்டுலதான் எங்களுக்குக் கண்ணே தெரிஞ்சுது, அத சொல்ல வேணாமா” என்றான் பிறகு.

இன்று அந்த கிளப்பின் சட்டையைப் போட்டுத்தான் ஆடுகிறேன். எந்த ஊர் மைதானத்தில் இறங்கினாலும், முதல் விசிலுக்கு முன் என் மணிக்கட்டில் அந்த ஈரமான கையுறையின் பிடி ஒரு கணம் வந்து போகும். அன்று காலை, என்னை வாயை மூடச் சொன்னவனே என் கையைப் பிடித்து, எல்லோர் தலைக்கும் மேலே உயர்த்திக் காட்டினான்.