பேரை மட்டும் குடுத்துட்டு வா

எனக்கு மூலம் இருப்பது கூடப் பிறந்த தம்பிக்கே தெரியாது. ஆனால் கும்மிடிப்பூண்டியில் ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்சியில், அன்றுதான் முதல்முறையாகப் பார்த்த ஒரு பெண்ணிடம், நாற்காலி சூடாவதற்குள் சொல்லிவிட்டேன். அவள் அதைக் கேட்கக்கூட இல்லை. "உக்காருங்கண்ணா" என்றாள், அவ்வளவுதான். மெத்தை இல்லாத நாற்காலியில் நான் ஏன் உட்காருவதில்லை என்று ஆரம்பித்து, கருணைக்கிழங்கை எப்படி வேகவைக்க வேண்டும் என்பது வரைக்கும் போய்விட்டேன். ஐம்பதை நெருங்குகிற ஆள் இப்படிச் செய்யலாமா என்று திட்ட நினைப்பவர்கள், என் வீட்டுக்காரிக்குப் பின்னால் வரிசையில் நிற்கவும்.

நான் பாய்லர் ஆபரேட்டர். தண்ணீரை நீராவியாக்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிற பெரிய இரும்பு அண்டாவுக்குக் காவல். அந்த இரைச்சலில் ஷிப்டு முழுக்க யாரோடும் பேச முடியாது. பேச வேண்டியதெல்லாம் உள்ளேயே சேர்ந்துகொள்ளும். வெளியே வந்ததும் முதலில் மாட்டுபவர் தலையில் கொட்டும். டீக்கடைக்காரர், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர், யாராக இருந்தாலும் சரி. பாதியில் எழுந்து போய்விடுவார்கள். மீதியை அடுத்தவரிடம் சொல்லிக்கொள்வேன்.

ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். சில மாதம் வீட்டில் இருந்தேன். அப்போதுதான் அங்கே என்னோடு ஃபிட்டராக இருந்தவன் போன் செய்தான். இப்போது அவன் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான்.

"மாமா, எங்க பாய்லர் ஆளு ரிட்டயர் ஆவுறாரு. இன்னும் வெளிய சொல்லல. திங்கக்கெயம நேரா ஹெச்.ஆர பாரு. நேரா வந்தா கம்பெனி ரோல்லயே போட்டுடுவாங்க. நடுவுல ஏஜென்சி பூந்துச்சுன்னா காண்ட்ராக்ட்தான். எப்ப வோணா தூக்கிடுவாங்க. யார்கிட்டயும் மூச்சு உடாத."

"நான் ஏன்டா சொல்லப் போறேன்?"

"வேற யாரும்னா சொல்லியே இருக்க மாட்டேன் மாமா. நீன்றதாலதான் சொல்றேன்."

கம்பெனி ரோல் என்றால் ரிட்டயர் ஆகும்வரை கவலை இல்லை. காண்ட்ராக்ட் என்றால் நாளைக்குக் கேட் திறக்குமா என்று தினமும் பார்க்க வேண்டும். என் வயதுக்கு ரோலில் சேர இன்னொரு வாய்ப்பு வராது. இது எனக்கும் தெரியும், வீட்டுக்காரிக்கும் தெரியும். ஆனால் அவள் எதையும் ஒரே ஆணியில் மாட்டுகிறவள் இல்லை.

"திங்கக்கெயம ஒன்னும் ஆவலன்னா இன்னா பண்ணுவ? சும்மா குந்திக்கினு இருக்காத. ஏதாவது ஏஜென்சில பேரை மட்டும் குடுத்துட்டு வா."

அந்த 'மட்டும்' என்பதை அவள் அழுத்திச் சொன்னது, இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது.

சனிக்கிழமை போனேன். ஏஜென்சி பைபாஸ் ஓரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் அந்தப் பெண். முப்பது வயது இருக்கலாம். என் பாய்லர் சர்டிபிகேட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்தாள்.

"ஒரிஜினல யார் கேட்டாலும் குடுக்காதீங்கண்ணா. ஓடிபி கேட்டா சொல்லாதீங்க. வேலைக்குன்னு டப்பு கேட்டா எயுந்து வந்துடுங்க."

உருகிப் போய்விட்டேன். சர்டிபிகேட், ஆதார் எல்லாவற்றையும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இனி என்னிடமிருந்து யாரும் எதையும் எடுக்க முடியாது என்று ஒரு நிம்மதி. பிறகு வாயைத் திறந்தேன்.

அவள் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. நான் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் "அப்புறம்?" என்றாள். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் 'அப்புறம்' என்று கேட்டதே இல்லை. 'சரி, அப்புறம் பாக்கலாம்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். போன் அடித்தது, அவள் எடுக்கவில்லை. யாரோ கதவைத் திறந்தார்கள், கையைக் காட்டி நிறுத்தினாள். எனக்காக! முட்டி வலி, பழைய சூப்பர்வைசரோடு சண்டை, ஆள் இல்லாத நேரத்தில் பாய்லரோடு பேசுவது, வீட்டு நிலைமை, குறைத்துக் கொடுத்தாலும் வந்துவிடுவேன் என்பது, ஒன்று விடவில்லை. அவள் பேனாவைத் தொடவே இல்லை. கண்ணைக்கூட அதிகம் சிமிட்டவில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"வேற எங்கனா ட்ரை பண்றீங்களாண்ணா?"

"ஒரு எடம் இருக்குதும்மா. ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"அப்ப சொல்லாதீங்கண்ணா."

இவ்வளவு நல்ல பெண்ணிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? சொல்லிவிட்டேன். கம்பெனி பெயர், ரிட்டயர் ஆகிறவர், திங்கட்கிழமை, எல்லாம்.

"உங்க விவரத்த கம்பெனிங்களுக்கு அனுப்பலாமா?"

"எங்க வோணா அனுப்பும்மா."

பாய்லரில் ப்ளோ டவுன் என்று ஒன்று உண்டு. அடியில் தங்கிய சேற்றை வெளியேற்ற ஒரு வால்வைத் திறப்போம். சேறு போனதும் மூடிவிட வேண்டும். மறந்தால் நல்ல தண்ணீரும் போய், அண்டா வறண்டு, ஆபத்தாகிவிடும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை தேர்வாய் கண்டிகை கேட்டில் போய் நின்றேன். செக்யூரிட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாய்லருக்கு வந்தவரா?"

"ஆமாங்க. நேராத்தான் வந்தேன்." நேரா என்பதை நானும் அழுத்தினேன்.

உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தார். அதன்மேல் ஒரு மெத்தை. "ஏஜென்சி மேடம் காலைல போன் பண்ணாங்க. உங்களுக்கு முட்டி வலின்னாங்க, மெத்த போட்டு உக்கார வெக்கச் சொன்னாங்க. குந்துங்க நைனா."

எனக்குப் புல்லரித்துவிட்டது. பயமும் இருந்தது, ஆனால் புல்லரிப்புதான் முதலில் வந்தது. பதினைந்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நான் பேசியது, எனக்கு முன்னால் வந்து இங்கே எனக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது.

ஹெச்.ஆர். அதிகாரி இளைஞர், மரியாதையானவர். போனில் இருந்ததை வாசித்தார். "அனுபவம் நல்லாருக்கு. லீவு போட மாட்டார். தப்புன்னா சூப்பர்வைசர்கிட்டயே கேட்டுடுவார், ஆனா வேலைல குறை வெக்க மாட்டார். பாய்லரோட பேசுவார், பயப்பட வேணாம். காரம் ஆகாது, கேன்டீன்ல சொல்லிடுங்க." சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "குறைச்சுக் குடுத்தாலும் வருவார்" என்றார்.

அசந்து போனேன். அத்தனை நேரம் நான் கொட்டிய குப்பையில் இருந்து இதைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை பொய் இல்லை. என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக எனக்கே சொல்லத் தெரியாது.

"இது உங்களுக்கு எப்ப சார் வந்துது?"

"சனிக்கிழமை. அதுல ஒரு சிக்கல் சார். நாங்க நேராத்தான் ஆள் எடுக்கறதா இருந்தோம். ஆனா ஒருத்தரோட விவரத்த ஏஜென்சி முதல்ல அனுப்பிட்டா, அவர் அவங்க ஆளு. அவங்களோட எங்களுக்கு அக்ரிமெண்ட் அப்படி. உங்கள எடுத்துக்கறேன், ஆனா காண்ட்ராக்ட்லதான் போட முடியும்." போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "அவங்க அனுப்பாம, இன்னைக்கி நீங்களே நேரா வந்திருந்தா ரோல்ல போட்டிருப்பேன்."

அடையாள அட்டை தந்தார்கள். கம்பெனி ஆட்களுக்கு நீலக் கயிறு, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆரஞ்சு. ஃபிட்டர் தூரத்தில் இருந்து என் கழுத்தைப் பார்த்தான். கிட்டே வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். கேன்டீனில் தட்டை நீட்டினேன். பரிமாறுகிறவர் குழம்புக் கரண்டியைப் பாதியில் நிறுத்தி, "நீங்கதான அந்தக் காரம் ஆவாதவரு?" என்று கேட்டுவிட்டுத் தயிரை ஊற்றினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிலையிலும் எனக்கு அந்தப் பெண்ணை நினைத்து ஆச்சரியமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண் எப்படிக் கேட்டாள், போன் அடித்தும் எப்படி எடுக்காமல் இருந்தாள், எழுதாமலே எப்படி அத்தனையும் ஞாபகம் வைத்துக்கொண்டாள், எல்லாம். "அந்த மாரி கேக்கறதுக்கு ஒரு மனசு வோணும்" என்றேன்.

வீட்டுக்காரி என் கழுத்தில் இருந்த ஆரஞ்சுக் கயிற்றை விரலால் தூக்கிப் பார்த்தாள். பிறகு விட்டாள்.

"யோவ், நீ பேசறத ஒருத்தி எயுந்து போவாம முழுசா கேட்டிருக்கா. அப்பவே உனக்கு டவுட்டு வர வேணாமா?"