கறுப்புக் கோட்டைத் தேடிப் போனவர்கள்

போன மாதம் புனே ஸ்டேஷனில் ஒரு பெண்மணி டிடிஆரைத் துரத்திக்கொண்டு ஓடினார். எழுத்துப்பிழை இல்லை. டிடிஆர் அவரைத் துரத்தவில்லை, அவர்தான் டிடிஆரைத் துரத்தினார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி இருந்தார். தோளில் துணிப்பை, கையில் ஜெனரல் டிக்கெட். "ஓ சாஹேப், தாம்பா!" என்று, அதாவது ஐயா நில்லுங்கள் என்று, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். ஊருக்குப் போகும் நண்பரை ஏற்றிவிட வந்திருந்த நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். கறுப்புக் கோட்டுக்காரர் நின்றார். தன்னிடம் இருப்பது ஜெனரல் டிக்கெட்தான், முதுகு வலிக்கிறது, சோலாப்பூர் வரை ஸ்லீப்பரில் இடம் கிடைக்குமா என்று அந்த அம்மாள் மராத்தியில் கேட்டார். அவர் கையிலிருந்த தாளைப் புரட்டிவிட்டு, "ஆஹே. பஸா, தாயி" என்றார். இருக்கிறது, உட்காருங்கள் அக்கா என்று அர்த்தம். கட்டண வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அந்த அம்மாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், கோட்டைக் கண்டால் ஓடத்தான் கற்றிருக்கிறேன். அப்புறம் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

டிடிஆரிடம் போய், இது புதுச் சட்டமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். ஜெனரல் டிக்கெட் வைத்திருப்பவர் பெட்டியில் ஏறும் முன்பே டிடிஆரிடமோ கார்டிடமோ வந்து சொல்லிவிட வேண்டும். இடம் காலியாக இருந்தால் வித்தியாசத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு உட்காரலாம். இல்லாவிட்டால் ஜெனரல் பெட்டிக்குத்தான் போக வேண்டும். தனியாக வரும் பெண்ணை நினைத்த இடத்தில் இறக்கிவிடக்கூட அவர்களுக்கு அதிகாரம் கிடையாதாம். "நீங்களாக வந்து சொன்னால் பயணி. நாங்கள் வந்து பிடித்தால் அபராதம். அவ்வளவுதான்" என்றார் ஹிந்தியில். பிறகு, "இன்றைக்குப் பயணமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்னே எதற்குக் கேட்கிறீர்கள்?"

எதற்கென்று இப்போது சொல்கிறேன். கராடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள், அவர்களுக்கு இது கதையாகத் தெரியலாம். நான் வந்த காலம் வேறு. சிஞ்ச்வட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன், நிக்டியில் ஓர் அறை. எங்களோடு இருந்த தமிழ் ஆட்களுக்கு ரிசர்வேஷன் கவுன்டர் என்பது மாநகராட்சி அலுவலகம் மாதிரி, அவசியமில்லாமல் பக்கத்தில் போக மாட்டோம். ஜெனரல் டிக்கெட் வாங்குவோம், ஸ்லீப்பரில் ஏறுவோம், கோட்டு ஒரு பக்கம் வந்தால் நாங்கள் மறுபக்கம் போவோம். ஒருவன் பார்த்துவிட்டால் "கோட்டு வருது" என்று குரல் கொடுப்பான், எல்லோரும் கலைந்துவிடுவோம். அரக்கோணம் வரை இந்தக் கண்ணாமூச்சி. இதைத் திருட்டு என்று நாங்கள் நினைத்ததில்லை. ஊருக்குப் போகும் வழியே இதுதான் என்று இருந்தோம். புதிதாக வருகிறவனுக்குப் பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பட்டறை ஃபோர்மேன் கோவிந்தசாமி அண்ணன். "கோட்டு வந்தா மூஞ்சியக் காட்டாத. ஒரு பொட்டி தள்ளிப் போய்க்கினே இரு. ஹிந்தில இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத, ஒண்ணியும் ஆவாது." அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆனதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான மறு வருஷம், என் மனைவி தனம் ஏழு மாதம். அவள் வீடு சோளிங்கர் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாமியாரால் புனே வரை வர முடியாததால் வளைகாப்பையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஆனி முடிவதற்குள் வந்துவிட வேண்டும், ஆடி பிறந்தால் அழைக்க மாட்டோம் என்று கடிதம் வந்தது. வளையல்கூட வாங்கி வைத்துவிட்டார்களாம். கடைசி நேரத்தில் பட்டறையில் லீவு கிடைத்தது, ரிசர்வேஷன் கிடைக்கவில்லை. விடியற்காலை வண்டிக்கு இரண்டு ஜெனரல் டிக்கெட் வாங்கினேன். ஜெனரல் பெட்டியின் வாசலிலேயே பத்துப் பேர் தொங்கினார்கள். ஸ்லீப்பரில் ஏறினோம். ஏறிய கையோடு அண்ணனின் பாடத்தை அவளுக்கும் ஒப்பித்தேன். கோட்டு வந்தால் பேசாதே, நிற்காதே, அடுத்த பெட்டிக்குப் போய்விடு. என் சட்டைப் பையில் முழுச் சம்பளமும் இருந்தது.

சோலாப்பூர் தாண்டும் வரை யாரும் வரவில்லை. குல்பர்காவுக்கு அப்புறம், நல்ல வெயிலில், பெட்டியின் அந்தக் கோடியில் கோட்டு தெரிந்தது. நான் கக்கூஸுக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டேன். இந்த விஷயத்தைப் பதினோரு வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை வாஷ்பேசின் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, ஆம்பளை நான் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். வெளியே ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. பிறகு ஒரு சத்தம். கதவைத் திறந்தபோது தனம் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, ஆடிக்கொண்டே இருக்கும் அந்த இரும்புத் தகட்டின் மேல், குப்புற விழுந்து கிடந்தாள். அவளைத் தூக்கப் போராடிக்கொண்டிருந்தவர் அந்தக் கோட்டுக்காரர்தான்.

ராய்ச்சூரில் இறங்கினோம். ஸ்டிரெச்சருக்குச் சொல்லி ஏற்பாடு செய்ததும் அவர்தான். எங்களிடம் அவர் டிக்கெட்டே கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலம் பையன் பிறந்தான். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்குகிற மாதிரி இருந்தான். டாக்டரும் நர்சுகளும் ஆனதெல்லாம் செய்தார்கள். மறுநாள் காலை வரை இருந்தான். ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் ஒருவர் எங்கள் துணிப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்து வந்தார். அவரே என்னோடு சுடுகாட்டுக்கும் வந்து, புதைத்த இடத்தில், புளியமரத்தடியில், ஒரு கல்லும் நட்டார். கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு அந்தப் பாஷை தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை.

இரண்டு வாரம் கழித்து, தனம் எழுந்து நடமாடியபின், அதே ஸ்டேஷனில் எந்தப் பக்கம் போகும் வண்டியில் ஏறுவது என்று தெரியாமல் நின்றோம். ஒரு பக்கம், வளையல் வாங்கி வைத்திருக்கும் வீடு. இன்னொரு பக்கம், தொட்டில் கட்டக் கொக்கி அடித்து வைத்திருந்த நிக்டி அறை. முதலில் வந்தது புனே வண்டி. அதில் ஏறிவிட்டோம். மகள் கவிதா பிறகு சிஞ்ச்வட்டிலேயே பிறந்தாள். அந்தப் பிரசவத்துக்குத் தனம் ஊருக்குப் போக மறுத்துவிட்டாள். "அம்மா வூட்டுக்குத்தான் போவேன்னு அடம் புடிச்சேனே, நாந்தான் அவன வாரிக் குடுத்துட்டேன்" என்பாள். ஒவ்வொரு வருஷமும் அந்த மாதம் வந்தால் ஒரு முறையாவது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டாள். பிறகு ஊருக்குப் போய் வந்த நாலைந்து தடவையும் வண்டி ராய்ச்சூரில் நிற்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அந்த ஆசிரியை அம்மாளைப் பார்த்த அன்று வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட்டேன். மகள் டியூஷன் போயிருந்தாள். தனம் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். சட்டம் என்ன என்று சொன்னேன். முதலிலேயே நான் போய்க் கேட்டிருந்தால் உட்காரப் பெர்த் கிடைத்திருக்கும், ஒளிய வேண்டியதே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது, உன்னுடையது ஒரு பொட்டுகூட இல்லை என்றேன். கக்கூஸில் தாழ் போட்டதையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை, இலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கி அவுரு என்னைப் பாத்துட்டாருங்க" என்றாள்.

"யாரு?"

"அந்தக் கோட்டுக்காரரு. கீழ் சீட்டு ஒண்ணு காலியா இருந்துச்சு. அதக் கையால தட்டித் தட்டி இன்னாவோ சொன்னாரு. எனக்கு அப்ப ஹிந்தி ஏது? புடிக்கத்தான் வராருன்னு நெனச்சேன். நீங்க போன்னு சொல்லியிருந்தீங்க, போயிட்டேன்." கிள்ளிய இலையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "இங்க வந்து ஹிந்தி கத்துக்கினப்புறந்தாங்க புரிஞ்சிது. 'பைட்டோ பேட்டி'ன்னு சொன்னாரு. உக்காரும்மான்னு."

அவளுக்கு ஹிந்தி வந்து எத்தனை வருஷம் இருக்கும்! காய்க்காரனிடம் அவள் பேரம் பேசுவதைக் கேட்டு நானே பெருமைப்பட்டிருக்கிறேன். அத்தனை வருஷமும் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க" என்றாள். தாங்கத்தான் இல்லை. வயசான ஆம்பளை, அடுப்படித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் கொத்தமல்லி வாசம் அடிக்கும் கையால் என் முகத்தைத் துடைத்தாள். "ராய்ச்சூருக்குப் போலாங்க" என்றாள்.

இதைப் படிக்கும் நம் ஆட்களுக்குச் சொல்கிறேன். கோட்டுக்காரர் எல்லோரும் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கையில் ஜெனரல் டிக்கெட் இருந்து, கூட முடியாதவர் ஒருவர் இருந்தால், ஒளியாதீர்கள். பிளாட்பாரத்திலேயே அவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். அது பிச்சை கேட்பது இல்லை. இடம் இல்லை என்றாலும் இல்லை என்று சொல்வார், அவ்வளவுதான். பாஷை வராவிட்டால் டிக்கெட்டைக் காட்டுங்கள், வயிற்றைக் காட்டுங்கள். அவருக்குப் புரியும். அன்று தனத்தைப் பார்த்த கோட்டுக்காரருக்குப் புரிந்தது, நாங்கள்தான் ஓடினோம்.

போன வாரம் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ராய்ச்சூருக்கு இரண்டு ஜெனரல் டிக்கெட் வாங்கினேன். ரிசர்வேஷன் கவுன்டருக்குப் போய்க் காத்திருக்க இருவருக்கும் பொறுமை இல்லை. புனே பிளாட்பாரத்தில் கறுப்புக் கோட்டைத் தேடினேன். கண்டதும் தனம்தான் முன்னால் போனாள். இளவயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். தாளைப் பார்த்தார், இரண்டு கீழ் பெர்த் இருந்தது. ரசீது எழுதிக்கொண்டே பேச்சுக்குக் கேட்டார், மதராஸிகள் எல்லாம் மதராஸ் வரைதானே போவார்கள், ராய்ச்சூரில் உங்களுக்கு யார்?

"பேட்டா ஹை" என்றேன். மகன் இருக்கிறான்.

"அச்சா!" அவர் முகம் மலர்ந்தது. "ஸ்டேஷனுக்கு வந்துவிடுவானா, அழைத்துப் போக?"

தனம் ரசீதை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள்.

"நஹீ சாஹேப்" என்றாள், சுத்தமான ஹிந்தியில். "ஹம் ஹீ ஜாயேங்கே." இல்லை ஐயா, நாங்கள்தான் போவோம்.

குல்பர்கா தாண்டியது. பெட்டி பாதி காலி. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தாள். நிக்டியில் எங்களை மதராஸி என்கிறார்கள். சோளிங்கரில் புனேக்காரர் வந்துவிட்டார் என்கிறார்கள். ராய்ச்சூரில் எங்களை யாருக்கும் தெரியாது. வண்டி வேகம் குறைந்தபோது தனம் எனக்கு முன்பே எழுந்து, தலையைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்கு வந்து இறங்குகிறவள் மாதிரி வாசலில் போய் நின்றாள்.