மருமக்கள்வழிக்கு நான் எழுதிய பதில்

கல்லூரியில் சமூகவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். தபாலில் படிப்பவர்களுக்காக நாற்பத்திரண்டு பக்கத்தில் கேள்வி-பதில் எழுதி, பிரதியெடுத்து விற்க நாகர்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்திருந்தேன்.

போன மாதம்தான் பதினெட்டாம் பக்கத்துத் தப்பு கண்ணில் பட்டது. மருமக்கள்வழிக் குடும்பங்களில் அதிகாரம் பெண்கள் கையில் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். பெண்வழியில் இறங்கியது சொத்துதான். அதிகாரம் தாய்மாமனிடம் இருந்தது. எங்கள் வீட்டில் அம்மாவின் அக்கா, பெரியம்மை, வைத்ததே சட்டம். அதைப் பார்த்து வளர்ந்தவன், புத்தகத்தைப் புரட்டாமல் எழுதிவிட்டேன். கடையில் இருந்த ஏழு பிரதிகளையும் திருத்தினேன். அதற்கு முன் எத்தனை விற்றது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

நேற்று தோவாளை பஸ்ஸில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பூ கட்டிக்கொண்டே எம்.ஏ. படிக்கிறவள். இரண்டு முறை தோற்ற தாளை மூன்றாம் முறையாக எழுதிவிட்டு வருகிறாள். இதிலும் தோற்றால் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

"சார், இருபது மார்க்குக்கு நம்ம மருமக்கள்வழி வந்துது! உங்க நோட்ஸ்ல உள்ளத அப்படியே எழுதிட்டேன்."

"பெண்களுக்கு அதிகாரம்னும் எழுதினியா, மக்கா?"

"அதுக்கு அடிக்கோடே போட்டிருக்கேம்லா! பாஸாயிருவேனா சார்?"

மற்ற பதில்களை விசாரித்து, மனதுக்குள் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். இந்த இருபது இல்லாமல் கரை சேரமாட்டாள்.

"ஆயிருவ" என்றேன்.

அவள் உடனே போனை எடுத்து, "சாரே சொல்லிட்டாரு" என்று வீட்டுக்காரரிடம் சொல்லத் தொடங்கினாள்.