சிகரெட் கடைக்காரரின் பசைப் பொட்டு

என் மனைவியின் தம்பிக்கு நோர்பரியில் கடை. அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், இனி ஒரு சிகரெட்டும் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். மச்சான் கீழ்ப்படிந்தார். முதுகுக்குப் பின்னால் தட்டுத் தட்டாக அடுக்கி, நாள் முழுவதும் அடுத்தவர்களுக்கு மட்டும் விற்றார்.

2009இல் மின்சிகரெட் தபாலில் வரும் அதிசயம். வாங்கியதன் பற்றரி மத்தியானத்துக்குள் படுத்துவிடவே, பழைய ரோச் லைற் குழாய்க்குள் பெரிய பற்றரியும் சுவிட்சும் வைத்துத் தானே ஒன்று செய்தார். சில நாளில் அதுவும் நின்றது. ஆவியாவதற்கு மேலே ஊற்றும் இனிப்புத் திரவம், மேல்பாகத்தைப் பூட்டும் கனெக்டரின் நடு ஊசியோரமாக இறங்கி, சுவிட்சைக் குளிப்பாட்டியிருந்தது. அடைப்பதற்கு அவர் கண்ட மருந்து, குளியலறைச் சிலிக்கோன்.

மின்கருவிகளைப் பரிசோதித்தே ஓய்வூதியம் வாங்குபவன் நான். வினாகிரி மணக்கும் சிலிக்கோன் செம்பை அரிக்கும் என்று விளக்கினேன்.

“அப்ப நான் ஊறுகாயே போட்டு வைச்சிருக்கிறன், அத்தான்?”

சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்த்தி, ஊசியைச் சுற்றி உட்புறமாக இரண்டு குழாய்களில் வரும் எப்பொக்சிப் பசையைக் கலந்து வைத்தேன். மிஞ்சியதை ஒரு அட்டைத் துண்டில் பொட்டாக இட்டேன். காய்ந்ததா என்று அட்டையைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும், வேலையை அல்ல. அதுதான் முறை. நாளைக்குத்தான் பூட்டலாம் என்றதும் மச்சானின் முகம் மாறியது.

“ஒரு நாளோ? கடைக்குப் போனா நான் ஒண்டு பத்திப்போடுவன், அத்தான்.”

அதில் பகிடி இல்லை. எனவே அவருடைய மனைவி கடைக்குப் போனார். மச்சான் எங்கள் சோபாவுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார், என் தொலைக்காட்சியைக் குறை சொன்னார், அட்டையை அமுக்கிப் பார்த்து, யாரும் கேட்காமலே நிலவரம் அறிவித்தார். பின்னேரம் கவனித்தேன்: அட்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்தது. ஒருமுறை உதடுவரை போய்த் திரும்பியது. எந்தக் கையேட்டிலும் இல்லாத பரிசோதனை. நான் பத்திரிகையைச் சற்று உயர்த்திப் பிடித்தேன்.

அன்று எங்கள் வீட்டிலேயே படுத்தார். காலையில் பொட்டு கல்லாக இருந்தது, நடுவில் அவருடைய பெருவிரல் ரேகையோடு. பூட்டினோம். இழுத்தார். ஆவி வந்தது. நன்றி சொல்லாமல் கடைக்கு ஓடினார்.

அடுத்த வாரம் போனபோது, தான் கண்டுபிடித்த கருவி என்று ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். என்னையும் அறிமுகப்படுத்தினார்.

“அத்தான் பசை மட்டும் வைச்சவர்.”

சிகரெட் தட்டுக்கு முன்னால், கை போகும் இடத்தில், அந்த அட்டை செருகியிருந்தது.