படகுக்குத் தைத்த மறைப்பு

மட்டாஞ்சேரியில் மிளகு லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற என்னை ஒரு உல்லாசப் படகுக்காரம்மா கூப்பிட்டார். படகு ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தைச் சுற்றி மறைப்பு வேண்டுமாம்.

"சேட்டா, மழ உள்ள வரக்கூடாது. ஆனா காத்து வேணும், காயல் தண்ணியும் காணணும்."

மூடுவதா, திறப்பதா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. துணியும் கண்ணாடித் தாளுமாகத் தைத்து, நாலு பக்கமும் ஜிப் வைத்தேன்.

மாட்டிய அன்று ஒழுகுகிறதா என்று பார்க்க நான் உள்ளே உட்கார்ந்தேன். அந்தம்மா வெளியே நின்று ஜிப்புகளை இழுத்து மூடி, வாளித் தண்ணீரை ஊற்றினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. எழுந்து ஜிப்பைத் தடவினேன். உள்பக்கம் பல் இருந்தது, இழுக்கிற பிடி இல்லை. அடுத்த பக்கமும் இல்லை. நாலு பிடியையும் வெளிப்பக்கம் மட்டும் வைத்துத் தைத்திருந்தேன்.

அந்தம்மா கண்ணாடித் தாளுக்கு வெளியே குனிந்து பார்த்தார். "சேட்டா, உள்ள இருக்கற ஆளு எப்படி வெளிய வரும்?"

"லாரிப் படுதாவ வெளிய நின்னுதான் அவுப்போம்" என்றேன்.

நான் மூடிய சரக்கு எதுவும் இதுவரை இறங்க வேண்டும் என்று கேட்டதில்லை.