அட்டமிக்கு முதல்நாள் புறப்பட்ட கரவன்

என் கணவருக்கு லண்டனில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. ஒன்று நானும் எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளும். மற்றது அவருடைய வெள்ளை டெலிவரி வான். வார நாட்களில் இரண்டு பகுதிக்கும் ஓரளவு நீதி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுக்க முழுக்க வானுக்குத்தான்.

எண்பதுகள் முடிகிற நேரம். கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியில் ஒரு தெருவின் கடைசி வீட்டில் குடியிருந்தோம். கடைசி வீடு என்பதால் பக்கவாட்டில் ஒரு வாகனம் நிற்கும் அளவுக்கு நிலம் இருந்தது. வாசலில் தெருவும் அகலம். அதுதான் வினையாகப் போயிற்று. ஞாயிறு காலையில் நான்கு வான்கள் வந்து எங்கள் வாசலில் வரிசையாக நிற்கும். எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆட்கள், எல்லாருக்கும் வான்தான் சோறு போட்டது. ஒருவர் மீன் ஏற்றுவார், ஒருவர் வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றுவார், ஒருவர் பேக்கரியிலிருந்து பாண் ஏற்றுவார். மூத்தவர் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணை. என் கணவர் தையல் தொழிற்சாலைகளிலிருந்து கடைகளுக்கு உடுப்பு ஏற்றினார். இந்த ஐந்து பேர் கூட்டத்துக்கு நான் வான்காரர் பாராளுமன்றம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தப் பாராளுமன்றத்தில் ஒரே ஒரு சட்டம்தான். எவராவது தன் வானுக்குப் புதிதாக ஒன்று பூட்டினால், கழற்றிய பழையதை விற்கக்கூடாது. அது அடுத்தவருக்குப் போகும். அடுத்தவர் கழற்றியது அதற்கடுத்தவருக்கு. மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை கடைக்குட்டி வரைக்கும் வருவது போல அண்ணையில் தொடங்கி என் கணவரில் வந்து முடியும். எங்களுடையதுதான் ஐந்திலும் பழைய வான். ஆகவே அதில் அண்ணையின் கூரைத் தட்டு, மீன்காரரின் மஞ்சள் பனி விளக்குகள், பாண்காரரின் கசெற் ரேடியோ, வீடு மாற்றுகிறவரின் தரைவிரிப்பு எல்லாம் இருந்தன. பின்பக்கத்தில் பழைய மினிபஸ் ஒன்றின் நீள இருக்கை. அதை மடித்து விரித்தால் கட்டிலாகும் என்று என் கணவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் செய்து காட்டுவார். ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரைச்சீலை வேறு.

"உது வானோ, கலியாண மண்டபமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இஞ்சேரும், உமக்கு உதுகள் விளங்காது. தேத்தண்ணியைக் கொண்டாரும்," என்றார்.

அதைத்தான் சொல்ல வந்தேன். ஐந்து பேருக்குத் தேநீர், ஒரு மணித்தியாலம் போனால் இன்னொரு முறை ஐந்து பேருக்கு. அண்ணைக்குச் சீனி இல்லாமல், பாண்காரருக்கு மூன்று கரண்டி. வார நாட்களில் விடிய எழும்பி எல்லாருக்கும் சமைத்து வைத்துவிட்டு நானும் வேலைக்கு ஓடுகிறவள். லண்டனுக்கு வந்த நாள் தொட்டு, நான் எழும்புவதற்கு முதல் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே இல்லை. எனக்கு இருந்த ஆசை பெரியதல்ல. கோடை விடுமுறையில் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், கடலுக்குப் பக்கத்தில் போய் இருக்க வேண்டும். கண் விழித்தால் கடல் தெரிய வேண்டும். அந்தத் தேநீரை வேறு யாராவது போட்டுத் தர வேண்டும். இவ்வளவுதான். ஒருநாள் வாய்விட்டே சொன்னேன்.

சொன்னதில் கடலை மட்டும்தான் என் கணவர் கேட்டார். அதிலும், இழுத்துக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும் என்றுதான் அவர் காதில் விழுந்தது. தென் லண்டனில், சட்டன் என்ற இடத்தில், வயதான வெள்ளைக்காரத் தம்பதியிடம் ஒரு பழைய கரவன் நின்றது. வாகனத்துக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. நாலு பேர் படுக்கலாம், ஒரு மூலையில் காஸ் அடுப்பு, தம்ளர் அளவில் ஒரு கை கழுவும் தொட்டி. பாராளுமன்றம் முழுக்கப் போய்ப் பார்த்துச் சம்மதித்து வாங்கியது. வானுக்குப் பின்னால் இழுவைக் கொக்கி பூட்டினார்கள். கோயில் வாசலில் சந்தனம் வைத்து, வானின் நாலு சில்லுக்கும் கரவனின் இரண்டு சில்லுக்கும் ஆறு தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கும் சந்தோஷம். பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு ஐந்து பேருக்கும் தேநீரோடு வடையும் சுட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கோடையில் நாங்கள் கடலுக்குப் போகவில்லை. போக இரண்டு கிழமை இருக்கையில் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி ஊரிலிருந்து வந்து இறங்கினார். வீட்டில் இடமில்லை. கரவனில் கட்டில் இருந்தது. "ரெண்டு கிழமைதான் அண்ணி," என்றார். ஏழு மாதம் இருந்தார். அவர் போய்ப் படுக்கை ஆறுவதற்குள் மீன்காரரின் மச்சான் வந்தார். அவருக்குப் பிறகு, பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்கிற ஒரு பட்டதாரி. எல்லாரும் நல்ல பிள்ளைகள், அதில் குறை சொல்ல மாட்டேன். போர் துரத்தி வந்தவர்களை எங்கே போகச் சொல்வது? ஆனால் லண்டனில் எங்கள் ஆட்களுக்குள் ஒரு கதை பரவிவிட்டது. செவன் கிங்ஸில் ஒரு கரவன் நிற்கிறது, வந்து இறங்குகிறவர்கள் ரூம் கிடைக்கும் வரை அங்கே படுக்கலாம் என்று.

பாராளுமன்றத்துக்கும் நல்ல வேலை. குளிருகிறது என்று ஒரு ஹீட்டர், படிக்க ஒரு விளக்கு, சாமிப் படம் வைக்க ஒரு தட்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒன்று பூட்டினார்கள். சில்லு மட்டும் ஓர் அங்குலமும் அசையவில்லை. இரண்டாவது கோடையும் அப்படியே போனபோது நான் நன்றாகக் கத்தினேன். கரவனுக்குக் கீழே புல் முளைத்து அதில் பூவும் பூத்திருந்தது.

மூன்றாவது கோடையில் பட்டதாரித் தம்பிக்கு சட்டனில் ரூம் கிடைத்தது. அவர் போன அன்றைக்கே கரவனைத் துடைத்துக் கழுவிப் பூட்டி, சாவியை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். எசெக்ஸ் கடற்கரையில் கரவன்கள் நிறுத்துகிற ஒரு புல்வெளியில் சனிக்கிழமையிலிருந்து ஒரு கிழமைக்கு இடம் பதிந்தேன். பதிந்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன்.

என் கணவர் சமையலறைக் கலண்டரைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"சனிக்கிழமை முழுக்க அட்டமியப்பா. வெளிக்கிடக் கூடாது."

"அப்ப வெள்ளிக்கிழமை போவம்."

"வெள்ளி பின்னேரம் எனக்கு டெலிவரி இருக்கு. விட ஏலாது."

எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முதல் ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையொன்றைக் கொண்டுபோய் வேறு ஒருவர் வீட்டில் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று கணக்கு. மறுநாள் எந்த நேரத்திலும் போகலாம். ஒரு பையைக் கொண்டுபோய் வையுங்கள், போதும் என்றேன். மனுசன் எதையாவது சிறிதாகச் செய்திருக்கிறாரா?

"பை என்னத்துக்கு? கரவனையே கொண்டுபோய் விடுறன். அண்ணையின்ரை கடைக்குப் பின்னாலை நிக்கட்டும்," என்றார்.

வெள்ளி பின்னேரம் சுபநேரத்தில் கரவன் அந்தப் பூக்களை நசுக்கிக்கொண்டு ஃபாரஸ்ட் கேட்டுக்குப் புறப்பட்டது. என் சாவியையும் வாங்கிக்கொண்டு போனார். அண்ணை கடையில் இல்லை. கல்லாவில் நின்ற அவர் மனைவியிடம், "அக்கா, இது இஞ்சை நிக்கட்டும். நாளைக்கு வாறன்," என்று சொல்லிச் சாவியையும் கொடுத்துவிட்டு டெலிவரிக்கு ஓடியிருக்கிறார். எதற்கு நிற்கிறது என்று சொல்லவில்லை. அவருக்கு அது தேவையாகவே படவில்லை.

சனிக்கிழமை காலை பிள்ளைகளையும் புளிச்சோற்றையும் ஏற்றிக்கொண்டு ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனோம். வான் நின்றதும் அண்ணையின் மனைவி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, நாங்கள் வாய் திறந்து கேக்க முதலே அனுப்பிப்போட்டியளே. என்ரை தம்பி குடும்பம் நேற்றுப் பின்னேரம் வந்து இறங்கினதுகள். மேலை ரூமிலை ஏற்கெனவே ஆறு பேர். எங்கை படுக்க விடுறதெண்டு தலையைப் பிய்ச்சுக்கொண்டிருக்க, வாசலிலை கரவன் வந்து நிக்குது!"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மூன்று கோடை. பதிந்த இடம். சாவியைக்கூட நான்தான் என் கையால் எடுத்துக் கொடுத்திருந்தேன். யார் அழுதாலும் சரி, எழும்பச் சொல்லிவிடுவது என்று கடைக்குப் பின்னால் போனேன்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தத் தம்பியின் மனைவி கைக்குழந்தையோடு கரவனின் படியில் நின்றாள். பக்கத்தில் இரண்டு பைகள் கட்டி முடிந்திருந்தன. குழந்தைக்குத் தொப்பியும் போட்டாயிற்று. உள்ளே படுக்கை விரிப்பெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. நாங்கள் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வாகனம் வந்து நின்ற சத்தத்துக்கே அவள் வெளிக்கிட்டுவிட்டாள்.

"நாங்கள் ரெடி அக்கா," என்றாள். "எங்கை போகவேணும்?"

எத்தனை வீட்டில் எத்தனை தரம் இப்படி எழும்பிப் பழகியிருந்தால் ஒருத்திக்கு அவ்வளவு கெதியாகக் கைவரும்? என் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அழுவதற்கு வெட்கப்பட்டு அதட்டினேன்.

"கடலுக்கு! வானுக்குள்ளை ஏறுங்கோ. ரெண்டு பேரும் ஏறுங்கோ. ஒரு கிழமைக்குப் பிறகு இந்த லண்டனைப் பாக்கலாம்."

அண்ணையின் மனைவி திகைத்து நிற்க, அவருடைய தம்பி ஒன்றும் விளங்காமல் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு தேசிக்காயும் நசிக்காமல், நல்ல அட்டமியில், குழந்தையோடு ஏழு பேராக லண்டனை விட்டு வெளியே போனோம். பாண்காரரின் கசெற் ரேடியோ வழி முழுக்கப் பாடியது.

கடற்கரையில் இன்னொரு கேள்வி வந்தது. கரவனில் நாலு பேர் படுக்கலாம், நாங்கள் ஏழு பேர். கைக்குழந்தைக்காரிக்குக் கரவன், எங்களுக்கு வான் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். என் கணவருக்கு வாயெல்லாம் பல். மினிபஸ் இருக்கையை மடித்து விரித்தார். உண்மையிலேயே கட்டிலாகியது. பிள்ளைகள் வீடு மாற்றுகிறவரின் தரைவிரிப்பில் உருண்டார்கள். நான் மூன்று வருடமாக நக்கலடித்த பூப்போட்ட திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தபோது, குளிர்காற்று நுழைய ஓர் ஓட்டைகூட இல்லை. எல்லாரும் கழித்துவிட்ட சாமான்கள்தான். ஒன்றாவது பிழை சொல்லத் தக்கதாக இருக்க வேண்டுமே!

"கலியாண மண்டபம் எப்பிடி?" என்று கேட்டார்.

"படுங்கோ பேசாமல்," என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

காலையில் வானின் பின்கதவில் யாரோ மெல்லத் தட்டினார்கள். என் கணவரும் பிள்ளைகளும் நல்ல நித்திரை. நான் எழும்பித் திறந்தேன். கதவு முழுக்கச் சாம்பல் நிறத்தில் கடல். கடலுக்கு முன்னால் அந்தப் பெண், இரவு குளிருக்கு நான் கொடுத்த என்னுடைய பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கோப்பையுமாக நின்றாள். கரவனின் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று நான் அவளுக்குக் காட்டிக்கொடுக்கவே இல்லை. தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

"அக்கா, தேத்தண்ணி," என்றாள். "குடிச்சுப் பாருங்கோ. சீனி காணுமோ தெரியேல்லை."

பாண்காரரே முகம் சுளிக்கும் அளவுக்குச் சீனி. எதிலும் பிழை கண்டுபிடிக்கிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. பின்கதவில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, அடி மட்டம் வரைக்கும் குடித்தேன்.